ஜிஎஸ்டி பில்லில் வரியைச் சரியாகக் காட்டுவது எப்படி? புதிதாகப் பதிவு பெற்ற வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜிஎஸ்டி பதிவு எண் கைக்கு வந்த முதல் வாரத்தில் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பழைய பில் புத்தகத்தின் தலைப்பில் அந்த எண்ணை ரப்பர் ஸ்டாம்பாக அடித்து, அடியில் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் ‘வரி உட்பட’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சரக்கு போய்விடும், பணமும் வந்துவிடும். ஆனால் அந்தப் பில்லை வாங்கிச் சென்றவர், வணிகர்கள் ‘இன்புட்’ என்று சொல்லும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை, அந்தப் பில்லை வைத்துச் செய்ய முடியாமல், அடுத்த மாதம் தொலைபேசியில் அழைப்பார். பில்லில் எழுதப்படும் வரி விற்பவருடைய கணக்கு மட்டுமன்று, வாங்குபவருடைய பணமும்கூட என்பது அப்போதுதான் பலருக்கும் உறைக்கிறது. எனவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும், வாங்குபவரின் கணக்காளர் எதிரே உட்கார்ந்து அந்தத் தாளைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவு பில் கொடுக்க வேண்டிய கடமையையும், 33-ஆம் பிரிவு வரித் தொகையை அதில் தெளிவாகக் கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்பதையும் சொல்கின்றன. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் விதிகளில் 46-ஆவது விதியில் இருக்கிறது. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக நிரப்புவதைவிட, முடிவுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டுமோ அந்த வரிசையில் போவதே புதியவர்களுக்கு எளிது.

முதற்படி: எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும்?

வரி வசூலிக்கலாமா என்பதே முதல் கேள்வி. பதிவு பெறாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று எழுதி ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. 32-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டைத் தாமே வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில், அதாவது ‘காம்போசிஷன்’ முறையில் இருப்பவரும் வாங்குபவரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. அவர் கொடுக்க வேண்டியது வழங்கல் பட்டியல், அதாவது ‘பில் ஆஃப் சப்ளை’. தாம் இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர் என்பதையும், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்பதையும் அதன் தலைப்பிலேயே அவர் எழுத வேண்டும். வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டும் விற்பவருக்கும் இதே தாள்தான். வரி உள்ள பொருளையும் விலக்குப் பெற்ற பொருளையும் பதிவு பெறாத ஒருவருக்கு ஒன்றாக விற்கும்போது, இரண்டையும் ஒரே தாளில் எழுதலாம்.

மற்ற எல்லோரும் கொடுக்க வேண்டியது வரி விலைப்பட்டியல். ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்ற சொல் தலைப்பில் இருக்கட்டும். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் வரியையும் சேர்த்து எழுதும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அது எந்தக் கணக்கிலும் ஏறாத தாள்.

பொருள் விற்பவர், சரக்கு கடையை விட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில்லை எழுதிவிட வேண்டும். சேவை தருபவருக்கு, சேவை தந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு.

இரண்டாம் படி: எண்கள்

உங்கள் பெயர், முகவரி, 15 இலக்கப் பதிவு எண் ஆகியவை அச்சிலேயே இருக்கும். அதில் சிக்கல் வருவதில்லை. சிக்கல் வருவதெல்லாம் வாங்குபவரின் எண்ணில்தான். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான புகைப்படத்தைப் பார்த்து எழுதும்போது, சுழியத்துக்கும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த எண்ணின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். முதல் 2 இடங்கள் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 இடங்கள் அவருடைய பான் எண். அந்தப் பத்தில் முதல் ஐந்தும் எழுத்துகள், அடுத்த நான்கும் எண்கள், கடைசி ஒன்று எழுத்து. ஆகவே மொத்த எண்ணில் 8 முதல் 11 வரையிலான இடங்களில் வட்டமாக எது தெரிந்தாலும் அது சுழியம்தான். 3 முதல் 7 வரையிலான இடங்களில் தெரிந்தால் எழுத்துதான். 14-ஆவது இடத்தில் வழக்கமாக ‘இசட்’ வரும். 15-ஆவது, முன்னுள்ள எண்களைச் சரிபார்க்கும் இலக்கம்.

எழுதிய பிறகு ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணை ஒருமுறை இட்டுப் பாருங்கள். இதற்கு உள்நுழையத் தேவையில்லை. சட்டப் பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு புதிய வாடிக்கையாளருக்கும் ஒருமுறையாவது செய்தே ஆக வேண்டிய வேலை.

வாங்குபவர் பதிவு பெறாதவர் என்றால் எண் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வரிக்கு உட்பட்ட மதிப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அவருடைய பெயர், முகவரி, சரக்கு சேரும் இடம், மாநிலம், மாநிலக் குறியீடு ஆகியவற்றை எழுத வேண்டும். 200 ரூபாய்க்குக் குறைவான சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால், தனித்தனியாக எழுதாமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் போட்டுக்கொள்ளலாம்.

பில் எண் தொடர்ச்சியாகவும், 16 எழுத்துகளுக்கு மிகாமலும், அந்த நிதியாண்டில் வேறு பில்லுக்கு வராததாகவும் இருக்க வேண்டும். எழுத்து, எண், இணைப்புக் கோடு, சாய்கோடு ஆகியவை மட்டுமே அனுமதி. ‘25-26/0147’ என்பது போன்ற எளிய வடிவமே போதும். கடையின் பெயர்ச் சுருக்கம், கிளை, மாதம் என எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணித்தால் 16 இடங்கள் போதாமல் போய்விடும்.

மூன்றாம் படி: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியா? ஐஜிஎஸ்டியா?

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், தவறினால் சரிசெய்யக் கடினமானதும் இதுதான். விற்பவர் இருக்கும் மாநிலமும் ‘வழங்கல் இடம்’ என்று சட்டம் சொல்லும் இடமும் ஒரே மாநிலத்துக்குள் இருந்தால், வரியில் பாதி மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி), பாதி மாநில ஜிஎஸ்டி (எஸ்ஜிஎஸ்டி). வெவ்வேறு மாநிலங்கள் என்றால் முழுவதும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி). வாங்குபவர் கொடுக்கும் மொத்தத் தொகை இரண்டிலும் ஒன்றே என்பதால், ‘எந்தப் பெயரில் எழுதினால் என்ன’ என்ற அலட்சியம் எளிதில் வந்துவிடும். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேரும் கணக்குகள் வேறு.

விழுப்புரத்தில் கடை வைத்திருப்பவருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர். பேச்சும் ஒன்று, பழக்கவழக்கமும் ஒன்று. ஆனால் பில்லைப் பொறுத்தவரை அது வெளி மாநிலம். ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும். விழுப்புரத்திலிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் கன்னியாகுமரிக்கு அனுப்பினால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். தொலைவு இங்கே ஒரு பொருட்டே அல்ல.

சரக்கைப் பொறுத்தவரை, அது பயணம் செய்து வாங்குபவரிடம் போய் முடியும் இடமே பொதுவாக வழங்கல் இடம். இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. மதுரையில் உள்ள ஒரு நிறுவனம் திண்டுக்கல்லில் உள்ள உங்களிடம் சரக்கு வாங்கி, அதைத் தன் வாடிக்கையாளருக்காகப் பெங்களூருக்கு நேரடியாக அனுப்பச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி பெங்களூருக்குப் போகிறது என்பதைப் பார்த்து ஐஜிஎஸ்டி போடத் தோன்றும். ஆனால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, சரக்கை அனுப்பச் சொன்ன மதுரை நிறுவனமே அதைப் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும். அதன் முதன்மை வணிக இடமே வழங்கல் இடம். எனவே உங்கள் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும்தான் வரும். பில் யாருக்கு, சரக்கு எங்கே என்று இரண்டு முகவரிகளையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டியது இதற்காகத்தான்.

வெளி மாநில விற்பனை என்றால் வழங்கல் இடத்தை மாநிலத்தின் பெயரோடு பில்லில் எழுதியாக வேண்டும். உள்மாநில விற்பனையிலும் எழுதிவிடுவது நல்லது. எழுதும் கை ஒரு கணம் நின்று யோசிக்கும்.

நான்காம் படி: எச்எஸ்என் குறியீடும் வரி விகிதமும்

ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த வகை என்று காட்டும் எச்எஸ்என் குறியீட்டு எண் உண்டு. சேவைகளுக்கு 99 என்று தொடங்கும் குறியீடுகள். முந்தைய நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை இருந்தவர்கள், பதிவு பெற்றவர்களுக்கு விற்கும்போது 4 இலக்கம் எழுதினால் போதும். அதற்கு மேல் இருந்தவர்கள் 6 இலக்கம் எழுத வேண்டும். பூட்டு என்றால் 8301. அதற்கு 18 விழுக்காடு.

குறியீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு விகிதத்தைப் பாருங்கள். விகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் பொருத்தமாகக் குறியீடு தேடாதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் எந்தக் குறியீடு போடுகிறார் என்று பார்த்து எழுதுவதும் ஆபத்துதான். அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ! 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி, 5, 18 ஆகியவை முதன்மை விகிதங்களாகவும், குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மட்டும் 40 விழுக்காடாகவும் மாறிவிட்டன. மென்பொருளில் பொருள்களின் பெயரை அதற்கு முன்பே ஏற்றி வைத்தவர்கள், ஒவ்வொரு பொருளின் விகிதத்தையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பழைய விகிதம் உள்ளே இருந்தால் கணினி சளைக்காமல் அதையே போட்டுக்கொண்டிருக்கும்.

ஒரே பில்லில் வெவ்வேறு விகிதப் பொருள்கள் இருந்தால், ஒவ்வொரு விகிதத்துக்கும் வரிக்கு உட்பட்ட மதிப்பும் வரியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: எந்தத் தொகையின் மேல் வரி?

திண்டுக்கல் பட்டறை ஒன்று, மதுரையில் உள்ள இரும்புக் கடைக்கு 450 ரூபாய் வீதம் 100 பூட்டுகள் விற்கிறது. விலை 45,000 ரூபாய். 5 விழுக்காடு தள்ளுபடி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது, அது 2,250. பேக்கிங், லாரி வாடகை என்று 1,250 ரூபாயைப் பில்லிலேயே சேர்க்கிறது. எதன் மேல் வரி போடுவது?

தள்ளுபடியை முதலில் கழிக்க வேண்டும். விற்கும்போதே கொடுத்து, பில்லிலும் காட்டிய தள்ளுபடிக்கு 15-ஆம் பிரிவின்படி வரி இல்லை. காட்டாமல் விட்டால் அந்தச் சலுகையும் இல்லை. ஆகவே ‘நமக்குள் பேசிக்கொண்ட தள்ளுபடி’ என்று பணம் வாங்கும்போது மட்டும் குறைத்துக்கொள்வது உங்களுக்கே இழப்பு. கழித்தால் 42,750. இனி, பேக்கிங்கும் வாடகையும். இவற்றை வரிக்குப் பிறகு, மொத்தத்தோடு கடைசியில் கூட்டுவது மிகப் பரவலான பிழை. விற்பவர் பில்லில் வசூலிக்கும் இத்தகைய செலவுகள் பொருளின் மதிப்பில் சேரும். பூட்டுக்குரிய 18 விழுக்காடே இவற்றுக்கும் பொருந்தும். சேர்த்தால் வரிக்கு உட்பட்ட மதிப்பு 44,000 ரூபாய்.

இதன் மேல் சிஜிஎஸ்டி 9 விழுக்காடு 3,960. எஸ்ஜிஎஸ்டி 9 விழுக்காடு 3,960. மொத்தம் 51,920 ரூபாய். இதே சரக்கு புதுச்சேரிக்குப் போனால் ஐஜிஎஸ்டி 18 விழுக்காடு 7,920; மொத்தம் அதே 51,920. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால், புதுச்சேரி லாரியோடு, சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம் ரூபாய் என்பதால் மதுரை லாரிக்குத் தேவையில்லை.

கடையில் நேரடியாக வாங்குபவரிடம் வரி உட்பட விலை சொல்லியிருந்தால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 590 ரூபாய் வாங்கிவிட்டு அதில் 18 விழுக்காடு என்று 106.20 ரூபாயை வரியாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. 590-ஐ 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் வருவது 90. அதுவே வரி, பொருளின் மதிப்பு 500. அதிகமாக எழுதிய 16.20 ரூபாயையும் நீங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். வரி என்ற பெயரில் வசூலித்ததைக் கையில் வைத்துக்கொள்ள 76-ஆம் பிரிவு விடாது.

இந்தச் சங்கடத்தின் வேர் பெரும்பாலும் பில்லில் இல்லை, அதற்கு முன்பு கொடுத்த கொட்டேஷனில் இருக்கிறது. வரி தனி என்றோ வரி உட்பட என்றோ அதிலேயே எழுதிவிடுங்கள். எதுவும் எழுதாவிட்டால் வாங்குபவர் தமக்குச் சாதகமாகத்தான் புரிந்துகொள்வார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆறாம் படி: வரிக் கட்டங்களும் பைசாவும்

விகிதத்துக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம் என்று ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும். ‘ஜிஎஸ்டி 18% – 7,920’ என்று ஒரே வரியில் எழுதுவது பில் ஆகாது. அது எந்த ஜிஎஸ்டி என்று வாங்குபவரின் கணக்காளரால் சொல்ல முடியாது.

பைசாவில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. வரிக்கு உட்பட்ட மதிப்பு 1,237.50 ரூபாய் என்று கொள்ளுங்கள். 18 விழுக்காடு 222.75. இதைப் பாதியாகப் பிரித்தால் 111.375 வரும்; ஒரு பக்கம் 111.37, மறுபக்கம் 111.38 என்று எழுதித்தான் கணக்கை ஒப்பேற்ற முடியும். சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இல்லாத பில் பார்த்தவுடன் உறுத்தும். ஆகவே மொத்தமாகக் கணக்கிட்டுப் பிரிக்காமல், 9 விழுக்காட்டைத் தனியாகக் கணக்கிட்டு 111.38 என்று இரண்டு இடத்திலும் எழுதுங்கள். மொத்தம் 1,460.26 வரும். அதிலிருந்து 0.26-ஐ ‘ரவுண்ட் ஆஃப்’ என்று வரித் தொகைகளுக்குக் கீழே தனி வரிசையில் கழித்து 1,460 என்று முடிக்கலாம். அந்தப் பைசாவை வரித் தொகைக்குள் தள்ளிவிடாதீர்கள்.

பொருளின் விவரம், அளவு, அலகு ஆகியவற்றை எழுதிய பிறகு, வரியை வாங்குபவரே நேரடியாகக் கட்ட வேண்டிய எதிரிடை வரி முறை பொருந்துமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ‘இல்லை’ என்பதே விடை. இறுதியில் உரிமையாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவரின் கையொப்பம். பொருள் விற்பனைக்கு மூன்று படிகள்: வாங்குபவருக்கு அசல், சரக்கு கொண்டுசெல்பவருக்கு இரண்டாம் படி, உங்களுக்கு மூன்றாம் படி. சேவைக்கு இரண்டு போதும்.

விற்றுமுதல் 2017-18 முதல் ஏதேனும் ஓராண்டில் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், பதிவு பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பில்லை இ-இன்வாய்ஸ் தளத்தில் ஏற்றி, 64 இலக்கப் பதிவுக் குறியெண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் பெற வேண்டும். இந்த 5 கோடி வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. சில துறைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாதவரின் பில்லில் அந்தக் குறியெண் இல்லாவிட்டால் சட்டப்படி அது பில்லே அல்ல. சிறிய கடைக்காரர்கள் இதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

பிழை நேர்ந்துவிட்டால்

கொடுத்த பில்லில் அடித்துத் திருத்தி எழுதக் கூடாது. உங்கள் படியில் மட்டும் திருத்துவது அதைவிட மோசம்; இரண்டு படிகளும் வெவ்வேறு கதை சொல்லும். சரக்கு கிளம்பும் முன்பே பிழை தெரிந்தால், அந்தப் பில்லின் எல்லாப் படிகளிலும் ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்துவிட்டு அடுத்த எண்ணில் புதிய பில் எழுதுங்கள். ரத்தான தாளைக் கிழித்தெறிய வேண்டாம். விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், அவற்றில் எத்தனை ரத்தாயின என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, மதிப்போ வரியோ அதிகமாக எழுதப்பட்டது தெரிந்தால் ‘கிரெடிட் நோட்’, குறைவாக எழுதப்பட்டது தெரிந்தால் ‘டெபிட் நோட்’. இரண்டிலும் மூலப் பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கிரெடிட் நோட்டின் வழியே வரியைக் குறைத்துக்கொள்ள, அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அவகாசம்.

வாங்குபவரின் பதிவு எண் மட்டும் தவறாகி, அது படிவத்திலும் ஏறிவிட்டால், அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் திருத்தப் பகுதியில் சரியான எண்ணைக் கொடுக்கலாம். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்குப் பதிலாக ஐஜிஎஸ்டியையோ, அதற்கு மாறாகவோ கட்டிவிட்டால், சரியான வரியை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுத் தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். இதற்கு வட்டி இல்லை என்று 77-ஆம் பிரிவும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 19-ஆம் பிரிவும் ஆறுதல் தருகின்றன; ஆனாலும் அந்தத் தொகை திரும்பி வரும்வரை முடங்கிக் கிடப்பது உங்கள் முதல்தான். நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில், மென்பொருளில் எல்லா வாடிக்கையாளருக்கும் தமிழ்நாடு என்றே ஏற்றி வைத்திருந்ததால், ஓசூர்க்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் ஒரே மாதிரி பில் போயிருந்தது. அதைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் பிடித்தது.

மாதந்தோறும் படிவம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. வாங்குபவர் எடுக்கக்கூடிய இன்புட்டைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை 14-ஆம் தேதி உருவாகும். உங்கள் பில் அதில் வந்தால்தான் அவருக்கு இன்புட். ஆகவே ஒவ்வொரு மாதமும் 8 அல்லது 9-ஆம் தேதி, பில் புத்தகத்தையும் படிவத்தில் ஏற்ற வேண்டிய பட்டியலையும் அருகருகே வைத்து, வாங்குபவரின் எண், வழங்கல் இடம், வரிக்கு உட்பட்ட மதிப்பு ஆகிய மூன்றை மட்டும் வரி வரியாக விரல் வைத்துப் பாருங்கள். பார்த்து முடித்த படிகளை ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள். ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை அவற்றைப் பாதுகாக்க வேண்டும்.